உப்பில்லாப் பத்தியம்

ஸ்ரீபெரும்புதூர்
22 ஜனவரி 2025

அண்ணிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வீட்டிலிருந்த அரிவாள்மனை, இரண்டு கத்தி, தேங்காய் வெட்டும் கொடுவாள் எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றி எதிர்வீட்டுச் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் மூட்டையை வாங்கிக்கொண்டு, "உங்க வூட்டுக்காரர்தான் இங்க இல்லியேக்கா, அப்புறம் இன்னாத்துக்கு?" என்றாள். பயம் அவரைப் பற்றி இல்லை. நேற்று உங்கள் வாசலில் உங்கள் மணிக்கட்டைக் கடித்தபோது என் வாயில் ரத்தம் பட்டது. அதைத் துப்ப வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பஸ் நிறுத்தம்வரை அந்த ருசியோடுதான் வந்தேன். அதிலிருந்து என் கையை நான் நம்பவில்லை.

போனில் பேசலாம். ஆனால் உங்கள் குரல் கேட்டால் என் வாயில் வருவது எனக்கே பிடிக்கவில்லை. உங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் பாண்டிச்செல்வி எங்கள் கேன்டீனில்தானே வேலை செய்கிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். "என்னக்கா, நாத்தனாளும் நீங்களும் ஆளுக்கொரு போனை வச்சுக்கிட்டு காயிதம் எழுதுதீய?" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்து நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் தாண்டவராயன் அண்ணனும் கார் எடுத்து வந்து, உங்கள் தம்பி என்று, என் புருஷனைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். கேட்டால், நான் அவரைக் கவனிக்கவில்லை என்கிறீர்கள். எட்டு வருஷமாக அவர் மனநோயோடு ஒரே அறையில் படுத்தவள் நான். மாத்திரை ஒழுங்காகப் போன வருஷங்களில் என் ஷிப்ட் முடியும் நேரம் என் கம்பெனி கேட் அருகே பைக்கோடு நிற்பார். பையில் முட்டை போண்டா சூடாக இருக்கும். "மேடம், ஓ.டி. பாத்தீங்களா, இல்ல தூங்கினீங்களா?" என்பார். தீபாவளிக்கு வந்தபோது, அந்த மாத்திரை புத்தியை மழுங்க அடிக்கும் என்று அவரிடம் சொன்னது யார் அண்ணி? அதற்குப் பிறகுதான் தினமும் அதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தூக்கம் போனது. விடிய விடிய பேச்சு. கம்பெனியில் சூப்பர்வைசரின் மூக்கை உடைத்தார். போன வாரம் குக்கரைத் தூக்கி என் தலையில் அடித்தார். காதுக்குப் பின்னால் போட்ட தையலை இன்னும் பிரிக்கவில்லை. நேற்று அண்ணன் என் முடியைப் பிடித்துத் தள்ளியபோது அதில் ஒன்று அறுந்துவிட்டது.

இப்போது நான் சண்டைக்கு வரவில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும். வைத்தியரிடம் காட்டுங்கள், கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், தலைக்கு எண்ணெய் வையுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இத்துடன் அந்த லித்தியம் மாத்திரையை அனுப்பியிருக்கிறேன். காலையும் இரவும் உங்கள் கையால் கொடுங்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், நாக்கடியில் ஒளித்து வைப்பார். இதை நீங்கள் செய்தால், நான் உங்கள் வாசலுக்கு வர மாட்டேன்.

சசிரேகா


அங்காளம்மன் துணை

வடக்குப்பட்டு
25-1-2025

சசிக்கு,

உன் காகிதம் கிடைத்தது. எழுத்துக் கோணலாக இருந்தால் அது உன் பல்லின் வேலை. கை வீங்கியிருக்கிறது. ஊசி போட்ட நர்ஸ், "நாய் கடியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் தம்பியை நான் தூக்கிக்கொண்டு வந்ததாக எழுதியிருக்கிறாய். அவன்தான் போன் போட்டான். "அக்கா, நான் அவளைக் கொன்னுடுவேன் போலக்கீது, வந்து இட்டுகினு போ" என்று அழுதான். உன்னிடம் சொல்லாதே என்றான். அதனால் சொல்லவில்லை. உனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால், அழுகிறவனை எப்படி மடியில் போட்டுக்கொள்வது என்று தெரிந்திருக்கும். உனக்கு மாத்திரை எண்ணத்தான் தெரியும்.

இங்கேயும் சும்மா இல்லை. திங்கட்கிழமை உலக்கையை எடுத்து உங்கள் அண்ணன் கையில் ஒன்று போட்டான். இரண்டு விரல் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. அந்தக் கையோடுதான் அவர் மறுநாள் உன்னைத் தள்ளினார், நான் தள்ளச் சொல்லவில்லை. பிறகு நாலு பேர் சேர்ந்து தம்பியை மோட்டார் கொட்டாய்க் கம்பத்தில் காலோடு கட்டிவிட்டார்கள். கயிறு அறுக்காமல் இருக்கத் துண்டு சுற்றி வைத்தேன். என்னை மட்டும் அடிக்கவில்லை. மூஞ்சியில் துப்பினான், அவ்வளவுதான்.

சுப்பராயன் வைத்தியர் வந்து நாடி பார்த்தார். பித்தம் தலைக்கு ஏறி நிற்கிறது என்றார். முதலில் பேதிக்குக் கொடுத்தார். இப்போது நெய் மருந்து, தலைக்குத் தைலப் பற்று. ஒரு மண்டலம் பத்தியம். உப்பு கூடாது, புளி கூடாது. தம்பி உப்பில்லாக் கஞ்சியைத் துப்பினான். நானும் அவன் எதிரில் உட்கார்ந்து அதையே குடித்தேன், பிறகு குடித்தான். மண்டலம் முடியும் வரை எனக்கும் உப்பில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் மண்ணாங்கட்டி பூசாரி அவனை உட்கார வைத்துப் பார்ப்பார். அம்மாவும் விடமாட்டாள், மருந்தும் விடாது.

உன் மாத்திரையைக் கொடுக்கிறேன். அம்மன் மேல் சத்தியம். காலையும் ராத்திரியும் நானே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் வைத்தியரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நீயும் உன் டாக்டரிடம் இதைச் சொல்லாதே.

கனகம்


ஸ்ரீபெரும்புதூர்
30 ஜனவரி 2025

அண்ணிக்கு,

மனிதனைக் கம்பத்தில் கட்டி வைத்துவிட்டு, துண்டு சுற்றினேன் என்று பெருமையாக எழுதுகிறீர்கள். அந்த வரியை நான் பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ.

பிள்ளையைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, கிழித்தேன். அவர் நல்லபடியாக இருந்த காலத்தில் எனக்கு இரண்டு முறை தங்கியது. இரண்டாவது எப்படிப் போனது என்று அவரைக் கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். இந்த நிலையில் கேட்டால் அவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்வார்.

அவரே போன் செய்தார் என்பது எனக்குத் தெரியாது. "கொன்னுடுவேன் போலக்கீது" என்று சொன்னாரா? என்னிடம் சொல்லியிருந்தால் நானே கொண்டுவந்து விட்டிருப்பேன். என்னிடம் அவர் அடிக்க மட்டும்தான் செய்தார், சொல்லவில்லை.

நீங்கள் கேட்டபடி டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை. மாத்திரை வாங்கப் போனபோது டாக்டர் பிரசன்னா, "எங்க அவரு? ரத்தம் எடுத்துப் பார்க்கணுமே, மாசம் தாண்டிப் போச்சு" என்றார். ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் அழைத்து வருகிறேன் என்றேன். வைத்தியர், பூசாரி என்றெல்லாம் சொன்னால், வரிசையில் நிற்கிற எல்லோர் முன்னாலும் என்னைப் படித்த முட்டாள் என்பார். அந்த அவமானம் எனக்கு வேண்டாம்.

பத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அவருக்கு பிரஷர் வேறு இருக்கிறது, உப்பு இல்லாமல் இருப்பது நல்லதுதான். நீங்களும் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று படித்தபோது, உங்கள் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தேன். அவர் போன பிறகு நான் நன்றாகத் தூங்குகிறேன். கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கி எத்தனை காலமாயிற்று. விழித்ததும் அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் அண்ணி. மாத்திரை உள்ளே போனால் அடங்கிவிடுவார். அதுவரை கதவைப் பூட்டுங்கள். ஆடு மாடு போலக் கட்டாதீர்கள்.

சசிரேகா


அங்காளம்மன் துணை

வடக்குப்பட்டு
14-2-2025, வெள்ளி காலை

சசிக்கு,

நல்ல சேதி. தம்பி அடங்கிவிட்டான். கயிற்றை அவிழ்த்து நாளாகிறது. கை ஓங்குவதில்லை, கத்துவதில்லை. மந்தமாகப் படுத்திருக்கிறான். எழுந்து நடந்தால் ஒரு பக்கம் சாய்கிறான், உங்கள் அண்ணன் தோள் கொடுக்கிறார். "இன்னாடா மச்சான், குடிச்சவனாட்டம் ஆடற" என்று அவர் கிண்டல் செய்தால்கூடச் சிரிக்கப் பார்க்கிறான்.

நாலைந்து நாளாக வயிறு போகிறது, வாந்தியும் இருக்கிறது. வைத்தியர் வெளியூர் போயிருக்கிறார். அவர் ஆள்தான் வந்து பார்த்து, கழிவு இறங்குகிறது, நல்லதுதான் என்றான். கை இரண்டும் வெடவெடவென்று நடுங்குகிறது, டம்ளர் பிடிக்க முடியவில்லை. பேச வந்தால் நாக்குக் குழறுகிறது. மண்ணாங்கட்டி பூசாரி நேற்று வந்து பார்த்தார். "அம்மா இறங்கறா கனகம். உள்ள கீற காத்து பேர் சொல்ல மாட்டேன்னு அடம் புடிக்குது, அதான் நாக்கு இழுக்குது. நாளைக்குச் சொல்ல வெச்சிடறேன்" என்றார். இன்று சாயங்காலம் பெரிய பூசை, பம்பைக்காரர்களைச் சொல்லியாகிவிட்டது.

உன் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. வாந்தியில் போய்விட்டால் மறுபடி ஒன்று கொடுக்கிறேன். நீ கேட்டதை நான் செய்தேன், நான் கேட்டதை நீ செய்தாய். நாம் இரண்டு பேரும் முதலிலேயே இப்படி ஒத்துப் போயிருந்தால் இவ்வளவு ரத்தம் சிந்தியிருக்க வேண்டாம்.

கனகம்


சென்னை, ஆஸ்பத்திரி
19 பிப்ரவரி 2025

அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை கோயிலில் நீங்கள் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தீர்கள். அதனால் நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பாண்டிச்செல்வி சாயங்கால டீ நேரத்தில் கொடுத்தாள். நடுக்கம், வாந்தி, சாய்ந்து நடப்பது என்று படித்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இந்த மாத்திரையை முதன்முதலில் எழுதிக் கொடுத்த அன்று டாக்டர் சொன்னவை அவை. அப்படி எது வந்தாலும் அந்த நிமிடமே ஓடி வாருங்கள் என்றார். உங்கள் போன், அண்ணன் போன் இரண்டுக்கும் அடித்துக்கொண்டே இருந்தேன். பம்பைச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. மேனேஜரிடம் சொல்லாமலே கேட்டைத் தாண்டி ஓடினேன். ஷேர் ஆட்டோ கிடைத்து, உங்கள் ஊர்க் கார் கம்பெனியின் மதில் ஓரமாகக் கோயில் பக்கம் வந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது.

அவர் சட்டையில்லாமல் மண்ணில் முழந்தாளிட்டிருந்தார். மண்ணாங்கட்டி கையில் பிரம்பு. "யார்றா நீ? பேரச் சொல்லு! எங்கேர்ந்து வந்த, பேரச் சொல்லு!" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. முதுகில் தோல் கிழிந்து கோடு கோடாக ரத்தம் இடுப்புவரை இறங்கியிருந்தது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தபோது அவர் வாய் அசைவதைப் பார்த்தேன். "ஜீ... ஜீ..." என்றார். தன் பேரைத்தான் சொல்லப் பார்த்தார் அண்ணி. சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஜீவானந்தம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வரவில்லை என்பதற்காக மறுபடி அடித்தான்.

அப்புறம் நான் பிரம்பைப் பிடுங்கியது உங்களுக்குத் தெரியும். முதல் அடி மண்ணாங்கட்டியின் வாயில் விழுந்தது, பல் தெறித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் கீழே விழுந்து, "யம்மா, வேணாம்மா" என்று கையால் தலையை மூடிக்கொண்ட பிறகும் அடித்தேன். அவன் கை எலும்பில் பிரம்பு படும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. தாண்டவராயன் அண்ணன் மாவுக்கட்டுக் கையால் என் கழுத்தைச் சுற்றி இழுக்காமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். அந்த நேரத்தில்தான் பின்னால் இவருக்கு வலிப்பு வந்தது. கூட்டம் அம்மா வந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஆம்புலன்ஸில் நீங்கள் வர அழுதீர்கள். நான்தான் உங்களை உதைத்து இறக்கிவிட்டேன்.

இங்கே டாக்டர் பிரசன்னா கேட்ட முதல் கேள்வி, "உப்பு குறைச்சீங்களா?" என்பது. நிறுத்தியேவிட்டோம் என்றேன். "பேதிக்கு ஏதாவது கொடுத்தீங்களா?" ஆமாம் என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் விட்டெறிந்தார்.

லித்தியமும் ஒருவகை உப்புதானாம். சாப்பாட்டில் உப்பில்லாமல், பேதியில் தண்ணீரும் போய்விட்டால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். தினமும் கொடுக்கக் கொடுக்க ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் விஷமாகிவிட்டது. மாத்திரையை மட்டும் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பத்தியம் மட்டும் இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது. நீங்கள் உங்கள் சத்தியத்தை ஒரு வேளை தவறாமல் காப்பாற்றினீர்கள். நானும் வாயைத் திறக்காமல் காப்பாற்றினேன். நாம் இரண்டு பேரும் ஒத்துப்போனதில்தான் அவர் இப்படிக் கிடக்கிறார்.

"யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கத்தினார். உங்களைச் சொல்ல வாயெடுத்தேன். பிரஷருக்கு நல்லதென்று நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. "நாங்கதான் சார்" என்றேன்.

ரத்தத்தைச் சுத்தம் செய்ய மிஷினில் போட்டிருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. பிழைப்பார் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் வர வேண்டாம். வந்தால் உங்களை என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சசிரேகா


வடக்குப்பட்டு
23-2-2025

சசிக்கு,

மேலே அம்மன் பேர் எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

உன் காகிதத்தைப் பாண்டிச்செல்விதான் படித்துச் சொன்னாள். எனக்குக் கண் தெரியவில்லை, அழுது அழுது வீங்கிவிட்டது. "ஜீ ஜீ" என்ற இடத்தில் அவளும் நிறுத்திவிட்டாள். பிறகு அவளே அடுப்பை மூட்டி எனக்கு ரசம் வைத்தாள். அதில் உப்பு இருந்தது. வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன்.

சுப்பராயன் வைத்தியர் ஊரிலிருந்து வந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றி அடிப்பதற்காகத்தான் போனேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இங்கிலீசு மருந்து சாப்டறானான்னு முதல் நாள் உன்னக் கேட்டனா இல்லியா? இல்லைன்னு தலைய ஆட்டினியேமா. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உப்ப நிறுத்தியிருப்பனா? பேதிக்குக் குடுத்திருப்பனா? கொலைகாரி, என் கையால அவனுக்கு விஷம் வெக்க வெச்சிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கேட்டார்தான். நான் தலையை ஆட்டினதும் உண்மைதான். செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மண்ணாங்கட்டி மூன்று பல் போய், கை உடைந்து கிடக்கிறார். போலீசுக்குப் போகவில்லை. போனால் தம்பி முதுகைக் காட்டச் சொல்வார்களே.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அண்ணன் குடியிருப்பவர்கள் எல்லோரும் பார்க்க என்னை அறைந்தார். "தம்பி தம்பின்னு சொல்லி அவனைப் பொணமாக்கிட்ட" என்று இடுப்பில் உதைத்தார். பாண்டிச்செல்வி குழம்புக் கரண்டியோடு குறுக்கே வந்து, "இன்னொரு அடி விழுந்துச்சு, கொதிக்கிறத தலையில ஊத்திருவேன் பாத்துக்கிடுங்க" என்றாள். அவர் நின்றுவிட்டார். அன்றைக்கே என் பாயைச் சுருட்டிக்கொண்டு லைன் வீட்டுக்கு வந்துவிட்டேன். இடம் என் அப்பா கொடுத்தது, என் பேரில் இருக்கிறது. அவர் முன்கட்டில் தனியாகப் பொங்கித் தின்னட்டும். ஒரு பக்கம் பாண்டிச்செல்வி இருக்கிறாள். இன்னொரு பக்கத்து ரூம் காலியாக இருக்கிறது.

நீ என்னை உதைத்து இறக்கினதற்கு எனக்குக் கோபமில்லை. என்னைக் கொல்லவும் உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், திட்டாதே. அவன் பிழைத்து வந்தால் என்னிடம் அனுப்பு. உப்புப் போட்டே சமைக்கிறேன். டாக்டர் எவ்வளவு போடச் சொல்கிறாரோ அவ்வளவு போடுகிறேன். நீ மாட்டேன் என்பாய் என்று தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

கனகம்


சென்னை, ஆஸ்பத்திரி
6 மார்ச் 2025

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பாண்டிச்செல்வியிடம் கொடுக்கப்போவதில்லை.

அவர் பிழைத்துவிட்டார். கண் திறந்த செய்தியை அவளிடம் சொல்லியனுப்பியதோடு சரி, அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை. நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பேச்சு திரும்பிவிட்டது. கையில் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது, அது முழுவதும் போகுமா என்று டாக்டர் சொல்லவில்லை. நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். லித்தியத்தை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் உங்கள் சுப்பராயன் வைத்தியர் இங்கே வந்தார். தான் கொடுத்த மருந்துகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து டாக்டர் பிரசன்னாவின் மேஜைமேல் கொட்டினார். "நான் மறைக்கறவன் இல்ல, பாத்துக்குங்க" என்றார். டாக்டர், "பெரியவரே, நாடி பார்த்தீங்களே, அதுல லித்தியம் தெரியலியா?" என்று குத்தலாகக் கேட்டார். வைத்தியர் விடவில்லை. "நீங்க எட்டு வருசமா பாத்தீங்களே, வூட்ல இன்னா துன்றான்னு ஒரு நாள் கேட்டீங்களா சார்?" என்றார். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் மெர்சி ஓடிவந்து இருவரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவு திறந்தபோது இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் பேசி முடித்தது இதுதான்: தலைக்குத் தைலம் வைக்கலாம், கோயிலில் விளக்குப் போடலாம். பேதி, பத்தியம், பட்டினி கூடாது. உள்ளுக்கு எது கொடுத்தாலும் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரம்பைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பிக்கும் முன்பே வைத்தியர், "அத்த இனி தொடக்கூடாதுன்னு நான் கோயில்லயே சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

இதெல்லாம் நல்ல செய்தி. கெட்ட செய்தி என்னைப் பற்றியது.

செவ்வாய்க்கிழமை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நானே குடிக்கிறேன் என்று அவர் கிண்ணத்தை வாங்கினார். கை நடுங்கிக் கஞ்சி படுக்கையெல்லாம் கொட்டியது. அவர் மணிக்கட்டை நான் பிடித்தேன். துடைப்பதற்காகத்தான் பிடித்தேன். பிடித்தவள் முறுக்கினேன். அவர் சத்தம் போடவில்லை. நடுங்கும் கையை இழுத்துக்கொள்ள அவரிடம் பலம் இல்லை என்பது என் விரல்களுக்குத் தெரிந்தது, தெரிந்து இன்னும் முறுக்கினேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, "யம்மா, இன்னாமா பண்ற, வுடும்மா!" என்று கத்தியபோதுதான் விட்டேன். அவர் என்னைப் பார்த்து, "என்மேல கோவமா சசி?" என்றார். எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அடுத்த நாள் அவர் தண்ணீர் சொம்பை எடுக்கக் கை நீட்டினார். நான் பின்னால் துள்ளி ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். அவர் சொம்பைத் தொடாமல் கையை மடிமேல் வைத்துக்கொண்டார்.

இவருக்கு பலம் வந்தால் நான் பயப்படுவேன். பலம் வராவிட்டால் நான் அடிப்பேன். இரண்டில் எது முதலில் நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால் நாங்கள் இருந்தால் ஒருவர் பிணமாகத்தான் வெளியே வருவார். அது அவராகவும் இருக்கலாம் என்பதை இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று சாயங்காலம் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "நாளைக்கு நம்ம வூட்டுக்குப் போயிடலாம் சசி. இனிமே உன்மேல கை வெக்க மாட்டேன். அம்மா சத்தியமா." அதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஒருபோதும் பொய் சொன்னதில்லை, அதுதான் கஷ்டம். "சரி, போலாம்" என்றேன். பொய் சொன்னது நான்தான்.

காலி ரூமை அவருக்காக எனக்கு வாடகைக்குத் தாருங்கள். வாடகை கூடாது என்று நீங்கள் சொன்னால் அவரை அனுப்ப மாட்டேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் இனி கடனோ சத்தியமோ வேண்டாம். அவர் அங்கே இருப்பார், பக்கத்து ரூமில் நீங்கள். அவரைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோன கையிலேயே அவரைக் கொடுக்கிறேனே என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று இனி உங்களைவிட அதிகம் பயப்படப்போகிறவர் யாரும் இல்லை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் நாம் இரண்டு பேரும் போவோம். நான் ஒன்றை மறைத்தால் நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் மறைத்தால் நான் சொல்கிறேன். பகல் ஷிப்ட் முடிந்து நான் வந்து அவரோடு வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போவேன். இருட்டும் முன் என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ராத்திரி அவரோடு தங்க மாட்டேன். இந்த வருஷம் மட்டும் என்றில்லை. இனி எப்போதும்.

அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் யாரோடெல்லாமோ அடித்துக்கொண்டேன். அவருடைய மனைவியாக அதே வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றி வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டும் ஒன்று என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் சொல்லவில்லை. செங்கமலத்திடமும் சொல்லவில்லை, அவள் வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு வைக்கிறேன் என்றாள், சரி என்றேன். நீங்களும் இதை நான் நேரில் வந்து கையில் கொடுத்த பிறகுதான் படிப்பீர்கள். காலையில் கார் சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால் உட்கார ஆசைப்படுவார், உட்காரட்டும். ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் எங்கள் தெருவுக்கு இடது பக்கம் கை காட்டுவார். அப்போதுதான் டிரைவரிடம், நிறுத்தாமல் ஒரகடம் வழியாக வடக்குப்பட்டு போகச் சொல்வேன்.

சசிரேகா